யாரும் திருடாத 69 ஜி.பி.



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். ஒரு டி.பி. என்று அச்சிட்ட பெட்டியைக் காசு கொடுத்து வாங்குகிறோம். வீட்டுக்கு வந்து கணினியில் செருகுகிறோம். திரை 931 ஜி.பி. என்று காட்டுகிறது. மீதி 69 ஜி.பி. எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் உண்டா? கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி கேட்கிறார். ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண் கேட்கிறார். குடும்பத்தின் பழைய புகைப்படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து சேர்த்து வைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்கிறார். கடையில் போய்க் கேட்டால் என்ன பதில் வருகிறது? "ஃபார்மட் பண்ணினா கொஞ்சம் குறையும் சார்." ஊர் ஊராக இதே பதில்தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதில் தவறு. ஃபார்மட் செய்வதில் போவது மிகச் சொற்பம். அதற்கும் இந்த 69-க்கும் தொடர்பே இல்லை.

அப்படியானால் கம்பெனிக்காரன் ஏமாற்றினானா? அதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்களுக்குள் பொதுவான ஒரு கணக்கு உண்டு. ஒரு டி.பி. என்று விற்கும் டிஸ்க்கில் எத்தனை செக்டார், அதாவது சேமிப்புத் துண்டு, இருக்க வேண்டும் என்பதைத் தொழில்துறையே கூடி வகுத்து வைத்திருக்கிறது. 195 கோடியே 35 லட்சத்து 25 ஆயிரத்து 168 செக்டார்கள். ஒவ்வொன்றிலும் 512 பைட். பெருக்கிப் பாருங்கள். ஒரு லட்சம் கோடி பைட். அதற்கும் மேலே 20 கோடியே 48 லட்சத்து 86 ஆயிரத்து 16 பைட். ஒரு டி.பி. என்றால் ஒரு லட்சம் கோடி பைட். சொன்னதைவிடக் கூடுதலாகவே கொடுத்திருக்கிறார்கள்!

பைட் என்றால் என்ன என்று கேட்கும் பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. கணினியில் நாம் எழுதும் எழுத்துகள் பைட்களாகவே சேமிக்கப்படுகின்றன. இணையத்தில் இன்று பரவலாக உள்ள யு.டி.எஃப்-8 முறையில் 'அம்மா' என்று எழுதினால் 15 பைட் ஆகும். அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள். குறி ஒன்றுக்கு மூன்று பைட். இப்படி ஒரு லட்சம் கோடி பைட்டுக்கு அந்தப் பெட்டியில் இடம் இருக்கிறது.

இருக்கிறது என்றால் ஏன் காட்டவில்லை? காட்டுகிறது என்பதுதான் வேடிக்கை. விண்டோஸ் கணினியில் அந்த டிஸ்க்கின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்டீஸ்' திறந்து பாருங்கள். ஒரே வரியில் இரண்டு எண்கள் நிற்கும். இடப்பக்கம் ஒரு லட்சம் கோடிக்கு மேற்பட்ட பைட் எண்ணிக்கை, ஒற்றை இலக்கம் விடாமல். வலப்பக்கம் 931 ஜி.பி. இரண்டும் ஒரே டிஸ்க். இரண்டும் ஒரே அளவு. எண்ணும் முறை மட்டும் வேறு.

உங்கள் கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். 1000 என்று போடுங்கள். 1.024-ஆல் வகுங்கள். 976 சொச்சம் வரும். மறுபடி 1.024-ஆல் வகுங்கள். 953 சொச்சம். இன்னொரு முறை. என்ன வருகிறது? 931! அவ்வளவுதான். களவு போனதாக நாம் நினைத்த 69 ஜி.பி. முழுவதும் இந்த மூன்று வகுத்தலுக்குள் இருக்கிறது.

இந்த 1.024 எங்கிருந்து முளைத்தது? இங்கேதான் கதை தொடங்குகிறது.

கணினியின் நினைவகம், அதாவது ரேம், முகவரிகளால் இயங்குகிறது. எந்த அறையில் உள்ள தகவல் வேண்டும் என்று கம்பிகள் வழியாகக் கேட்க வேண்டும். ஒரு கம்பியில் மின்சாரம் உண்டு அல்லது இல்லை. ஆகவே ஒரு கம்பி இரண்டு அறைகளைச் சுட்டும். இரண்டு கம்பி நான்கு அறைகளை. மூன்று கம்பி எட்டு. நான்கு கம்பி பதினாறு. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால், பத்துக் கம்பிக்கு எத்தனை? 1024. ஆயிரம் அறைகளோடு நிறுத்தினால் 24 முகவரிகள் வீணாகக் கிடக்கும். எந்தப் பொறியாளர் அப்படி வீணாக்குவார்? ஆகவே நினைவகம் 1024, 2048, 4096 என்றுதான் வளர்ந்தது. அது அதன் பிறவிக் குணம்.

ஹார்ட் டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. அது சுழலும் தட்டு. தட்டில் எத்தனை வட்டப் பாதை போட முடியுமோ அத்தனை போடலாம். பாதைக்கு எத்தனை செக்டார் பிடிக்குமோ அத்தனை பிடிக்கும். இரட்டிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் வணிக ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. ராமக் என்று பெயர். இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள். ஐம்பது தட்டுக்கு நூறு பக்கம். பக்கத்துக்கு நூறு பாதை. பாதைக்கு ஐந்து செக்டார். செக்டாருக்கு நூறு எழுத்து. பெருக்கினால் சுளையாக ஐம்பது லட்சம் எழுத்து! எங்கே வந்தது 1024? எங்கேயும் வரவில்லை. பிறந்த நாளிலிருந்தே ஹார்ட் டிஸ்க் பத்துப் பத்தாக எண்ணப்பட்ட பொருள். யாரோ பின்னாளில் லாபத்துக்காக 1024-ஐ 1000 ஆக்கிவிட்டார்கள் என்று சொல்வது வரலாற்றைத் தலைகீழாகப் பிடிப்பது.

தவறு எங்கே நடந்தது? பெயர் வைத்ததில் நடந்தது. 1795-இல் பிரான்ஸ் நாடு மெட்ரிக் அளவைகளைச் சட்டமாக்கியபோதே கிலோ என்றால் ஆயிரம் என்று முடிவாகிவிட்டது. கிலோகிராம் ஆயிரம் கிராம். கிலோமீட்டர் ஆயிரம் மீட்டர். 1960-களில் கணினிப் பொறியாளர்களுக்கு 1024-ஐச் சுருக்கமாகச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. ஆயிரத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அதே 'கே' எழுத்தைக் கடன் வாங்கினார்கள். 1964-இல் ஐ.பி.எம். சிஸ்டம் 360-ஐப் பற்றி ஜீன் ஆம்டால் முதலானோர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே 'கே' என்பது 1024-ஐக் குறிக்கிறது.

அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை. ஆயிரத்துக்கு 24 கூட. நூற்றுக்கு 2.4. சின்ன வித்தியாசம். ஆனால் வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல இது ஏறும் என்பதை அன்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்? கே.பி.யில் 2.4 விழுக்காடு. எம்.பி.யில் ஏறத்தாழ 4.9. ஜி.பி.யில் 7.4. டி.பி.க்கு வரும்போது பத்தைத் தொட்டுவிடுகிறது. 1024-ஐ நான்கு முறை பெருக்கினால் வரும் டி.பி. ஒரு லட்சத்து 9,951 கோடி பைட். ஆயிரத்தை நான்கு முறை பெருக்கினால் ஒரு லட்சம் கோடி. ஏறக்குறைய பத்தாயிரம் கோடி பைட் வித்தியாசம், இரண்டுக்கும் ஒரே பெயர்! அடுத்த படியான பி.பி.யில் 12.6 விழுக்காடு. டிஸ்க் பெரிதாகப் பெரிதாகச் சந்தேகமும் பெரிதாகும்.

முன்கூட்டியே எச்சரித்தவர் ஒருவர் உண்டு. டொனால்ட் மாரிசன் என்பவர் 1968-இலேயே கணினி அறிஞர்களின் இதழுக்குக் கடிதம் எழுதினார். 1024-க்குத் தனிக் குறி வையுங்கள், கிரேக்க எழுத்தான காப்பாவை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கேட்கவில்லை. அன்று கேட்டிருந்தால் இன்று நான் இந்த மேடையில் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

குழப்பம் எந்த அளவுக்குப் போயிற்று தெரியுமா? நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஃபிளாப்பி நினைவிருக்கும். 1.44 எம்.பி. என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைச் சரிபார்த்தவர் நம்மில் யார்? இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 பாதை, பாதைக்கு 18 செக்டார், செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560. பத்தின் கணக்கில், அதாவது ஆயிரம் ஆயிரமாக வகுத்தால், இது 1.47 எம்.பி. இரண்டின் கணக்கில், அதாவது 1024-ஆல் வகுத்தால், 1.41 எம்.பி. அப்படியானால் 1.44 எப்படி வந்தது? முதலில் 1024-ஆல் வகுத்து 1440 கே.பி. என்றார்கள். பிறகு அந்த 1440-ஐ ஆயிரத்தால் வகுத்தார்கள். பாதிக் கணக்கு இப்படி, பாதிக் கணக்கு அப்படி. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்ற ஒரு பொருள், எந்த அளவையிலும் சேராத ஓர் எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு விற்றது. நம் மேசை இழுப்பறைகளில் எல்லாம் அது கிடந்தது, யாரும் கேட்கவில்லை.

நண்பர்களே, இப்படி ஒரு சிக்கலை நம் நாடு ஒருமுறை சந்தித்திருக்கிறது. சந்தித்து, நேர்மையாகத் தீர்த்தும் காட்டியிருக்கிறது. இந்த அவையில் உள்ள மூத்தவர்கள் சிலருக்கு அது நேரடி அனுபவமாகவே இருக்கும். அன்றைய ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு நான்கு பைசா. காலணா என்று நாம் சொன்னது அந்தப் பைசாவைத்தான். ஆக ரூபாய்க்கு 64 பைசா. 4, 16, 64. கவனித்தீர்களா? கணினியின் நினைவகம்போல இரட்டித்து இரட்டித்து வளர்ந்த நாணயம் அது. 1957 ஏப்ரல் 1 அன்று அரசு அதைப் பத்தின் கணக்குக்கு மாற்றியது. ரூபாய்க்கு நூறு பைசா.

பெயரை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சந்தையில் கீரை விற்கும் அம்மா 'நாலு பைசா' என்று சொன்னால் எந்த நாலு பைசா? ரூபாயில் பதினாறில் ஒரு பங்கா, இருபத்தைந்தில் ஒரு பங்கா? இரண்டு நாணயமும் ஒரே நேரத்தில் கையில் புழங்கிய காலம் வேறு. தெருவுக்குத் தெரு சண்டை வந்திருக்கும். அரசு என்ன செய்தது? புதிய காசுக்குப் புதிய பெயர் வைத்தது. நயா பைசா! நாணயத்திலேயே அதைப் பொறித்தது. ஏழாண்டுகள் கழித்து, பழைய கணக்கு மக்கள் கையை விட்டுப் போன பிறகு, 1964 ஜூன் முதல் நாள் அந்த 'நயா'வைக் கழற்றிவிட்டது. இரண்டு அளவு ஒரே காலத்தில் புழங்கினால் இரண்டு பெயர் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்கள் இருந்த நாட்டிலேயே இது நடந்தது.

கணினி உலகுக்கும் அந்த நயா பைசா வந்தது. 1998 டிசம்பரில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இரண்டின் கணக்குக்கென்றே தனிப் பெயர்களை ஏற்றுக்கொண்டது. கிலோ, மெகா, டெரா ஆகியவை பத்தின் கணக்குக்கு. கிபி, மெபி, டெபி என்பவை இரண்டின் கணக்குக்கு. சுருக்கி எழுதும்போது நடுவில் ஒரு சின்ன 'ஐ' சேரும், ஜி.பி. என்பது ஜி.ஐ.பி. ஆகும். உங்கள் டிஸ்க்கில் 1000 ஜி.பி. இருக்கிறது, அதுவே 931 ஜி.ஐ.பி. என்று எழுதினால் யாருக்காவது சந்தேகம் வருமா? கடைக்காரரை யாராவது முறைப்பார்களா?

பெயர் வந்தது. பயன்படுத்தினார்களா? லினக்ஸ் உலகில் பல மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன. ஆப்பிள் நிறுவனம் வேறு வழியில் போனது. 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்டு பதிப்பிலிருந்து மேக் கணினிகள் பத்தின் கணக்கிலேயே காட்டுகின்றன. ஒரு டி.பி. டிஸ்க்கைச் செருகினால் ஒரு டி.பி. என்றே தெரியும். ஆனால் உலகின் பெரும்பாலான மேசைகளில் இருக்கும் விண்டோஸ், 1024-ஆல் வகுத்துக்கொண்டு, பக்கத்தில் ஜி.பி. என்று எழுதுகிறது. இன்றுவரை! இதன் விளைவைக் கேளுங்கள். ஒருவர் மேக் கணினியில் 980 ஜி.பி. வீடியோவை டிஸ்க்கில் ஏற்றி, விண்டோஸ் வைத்திருக்கும் எடிட்டருக்கு அனுப்புகிறார். அங்கே 912 ஜி.பி. என்று தெரிகிறது. எடிட்டர் பதறுகிறார். இரவெல்லாம் கோப்பு கோப்பாகச் சரிபார்க்கிறார். ஒரு நொடிக் காட்சிகூடத் தொலையவில்லை. தொலைந்தது இரண்டு பேருடைய தூக்கம்.

லேப்டாப் வாங்கும்போது அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 8 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்று இருக்கும். ரேமுக்குச் சொன்ன ஜி.பி. இரண்டின் கணக்கு, சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.க்குச் சொன்ன ஜி.பி. பத்தின் கணக்கு. உள்ளங்கை அகல ஸ்டிக்கரில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். காய்கறிக் கடைத் தராசில் இப்படி நடந்தால் அதிகாரிகள் சும்மா விடுவார்களா?

அமெரிக்காவில் விஷயம் நீதிமன்றம்வரை போயிற்று. 80 ஜி.பி. டிஸ்க் வாங்கினேன், ஏறத்தாழ 74 தான் காட்டுகிறது என்று 2005-இல் கலிஃபோர்னியாவில் ஒருவர் வெஸ்டர்ன் டிஜிட்டல் மீது வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டே சமரசம். தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை, வாங்கியவர்களுக்கு ஒரு மென்பொருளை இலவசமாகத் தந்தது. சீகேட் 2007-இல் ஐந்து விழுக்காடு பணத்தைத் திருப்பித் தரவோ மென்பொருள் தரவோ இசைந்தது. சான்டிஸ்க் மீதான வழக்கு வேறுவிதமாக முடிந்தது. ஒரு ஜி.பி. என்றால் நூறு கோடி பைட் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறதே, வணிகத்தில் சட்டம் விரும்புவதும் பத்தின் அளவையைத்தானே என்று சொல்லி, 2020 ஜனவரியில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

அந்தத் தீர்ப்பு சரி என்றே நான் கருதுகிறேன். எண்ணைச் சரியாக எழுதியவன் குற்றவாளிக் கூண்டில் நின்றான். பெயரைத் தவறாக எழுதும் திரையை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டது போதுமா என்று கேட்டால், போதாது. பெரிய எழுத்தில் போடட்டும். ஆனால் மூல வேலையைச் செய்ய வேண்டியவர்கள் திரையை எழுதுபவர்கள். ஒரே ஓர் எழுத்தைச் சேர்க்க வேண்டும்; அல்லது ஆயிரத்தால் வகுக்க வேண்டும். இதற்கு இத்தனை ஆண்டுத் தயக்கம் எதற்கு? கோடிக்கணக்கான மனிதர்கள் தங்கள் ஊர்க் கடைக்காரரைத் திருடன் என்று நினைக்கிறார்களே, அந்தப் பழிக்கு யார் பொறுப்பு?

உண்மையாகவே குறைகிற இடம் இல்லையா என்றால், உண்டு. கணினியோடு வரும் டிஸ்க்கில் மறுசீரமைப்புக்கென்று ஒரு மறைவான பகுதி இருக்கும். கோப்புகளின் அட்டவணைக்குக் கொஞ்சம் போகும். லினக்ஸில் வழக்கமான அமைப்பு ஐந்து விழுக்காட்டை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கும். எஸ்.எஸ்.டி.யில் இன்னொரு செய்தி. அதன் சில்லுகள் எழுதி அழித்து எழுதித் தேயும் இயல்புடையவை; தேய்ந்த பகுதிக்கு மாற்றாக நிறுத்த உள்ளே உபரி இடம் வேண்டும். பல எஸ்.எஸ்.டி.களில் சில்லுகள் இரண்டின் கணக்கில் முழு அளவில் இருக்கும். நமக்கு விற்பது பத்தின் கணக்கில். நடுவே உள்ள ஏழு விழுக்காடு அந்த உபரிக்குப் போகிறது. அது உங்கள் டிஸ்க்கின் ஆயுளைக் கூட்டும் இடம். ஆனால் 2013-இல் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் புரோ கணினியின் 64 ஜி.பி. வகையில் பயனருக்கு மிஞ்சுவது 23 ஜி.பி. என்று அந்த நிறுவனமே சொன்னதே, அங்கே கோபப்படுவது நியாயம். அங்கே இடத்தைத் தின்றது இயங்குதளமும் அதோடு வந்த மென்பொருள்களும். ஆகவே கைபேசி வாங்கும்போதும் 'எத்தனை ஜி.பி.?' என்று கேட்காதீர்கள். 'காலியாக எத்தனை ஜி.பி.?' என்று கேளுங்கள்.

கடைசியாக, நம் சந்தேகம் முழுவதையும் சேர்த்து வைத்துக் காட்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நம்ப முடியாத விலைக்கு 2 டி.பி. பென் டிரைவ் என்று நடைபாதையிலும் இணையத்திலும் விற்கிறார்களே, அது. இங்கே நடப்பது அசல் திருட்டு. உள்ளே 32 ஜி.பி. சில்லு இருக்கும். அதை இயக்கும் கன்ட்ரோலரில் மட்டும் '2 டி.பி. என்று சொல்' என்று எழுதி வைத்திருப்பார்கள். கணினி அதை நம்பும். திரை பெருமையாகக் காட்டும். 931 காட்டிய நல்ல டிஸ்க்கைச் சந்தேகப்பட்ட நாம், 1.8 டி.பி. என்று காட்டும் இந்தப் போலியைக் கைதட்டி வாங்குவோம். முதல் 32 ஜி.பி. ஒழுங்காக ஏறும். அதற்கு மேல் ஏற்றுவது ஒன்று பழையதன் மேல் எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். கோப்பின் பெயர் தெரியும், திறந்தால் திறக்காது. மகளின் திருமணப் படங்களை அதில் போட்டு வைத்த தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு எந்த நீதிமன்றம் அந்தப் படங்களைத் திருப்பித் தரும்?

இதைக் கண்டுபிடிக்க உறுதியான வழி, முழுவதும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பது. அதற்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கு எஃப்3. வாங்கிய அன்றே, எதையும் சேமிக்கும் முன்பே ஓட்டிவிடுங்கள். பெரிய பென் டிரைவானால் சில மணி நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

அழைப்பிதழில் கேட்டுக்கொண்டபடி உங்களில் சிலர் காலியான பென் டிரைவ்களைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். வாசலுக்குப் பக்கத்து மேசையில் இரண்டு லேப்டாப்கள் தயாராக இருக்கின்றன. மாணவர்கள் உதவுவார்கள். சின்ன அளவிலானவற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். வாருங்கள்.